வெட்டுப்பட்ட நான்கு நிமிடங்கள்

திரையில் கதாநாயகி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஹாரினின் காதிலோ நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். "டேய், தண்ணிக்குள்ள தள்ளுடா அவன!" என்று யாரோ கத்தினார்கள். திரையில் அழுகை இன்னும் நிற்கவில்லை.

எரிச்சலுடன் வலப்பக்கம் திரும்பினாள். நடைபாதையை ஒட்டிய இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். அவன் திரையில் நான்கு பேர் சேற்றில் புரண்டு கூத்தடிக்கிறார்கள். அவனோ... கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்!

ஹாரின் குனிந்து பார்த்தாள். இருவருக்கும் பொதுவான கைப்பிடியில் இரண்டு துளைகள். ஒயர்கள் இடம் மாறியிருந்தன.

"ஹலோ... என் அழுகைய நீங்க கேட்டுட்டு இருக்கீங்க."

அவன் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினான். ஒயரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மழையில் நனைந்த கறுப்புக் கூழாங்கல் போன்ற கண்கள்... அந்தக் கண்களில் வெட்கம் மெல்லப் பரவுவதை அவள் பார்த்தாள்.

"அய்யய்யோ, மன்னிச்சுடுங்க. சேத்துல விழுந்ததுக்கு இவ்வளவு அழுவாங்களான்னு நானும் யோசிச்சேன்."

"யோசிச்சுக்கிட்டே நீங்களும் அழுதீங்களா?"

"குரல் அப்படிங்க. எங்கேயோ கேட்ட குரல்..." எட்டி அவள் திரையைப் பார்த்தவன் முகம் மலர்ந்தான். "அட, 'அப்பாவிடம் சொல்லாதது'! இந்தப் படத்த தேடிப் பாக்கற ஆளும் இருக்கீங்களா?"

ஹாரின் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவள் எழுதிய படம். முதல் படம். தியேட்டரில் ஒன்பதே நாள் ஓடியது. அக்காவின் பிரசவத்துக்காக சிட்னி போய்விட்டு கொரியாவின் இஞ்சோனுக்குத் திரும்பும் இந்த விமானத்தில், பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனபோது கண்ணில் பட்டது. சொல்லிவிடலாமா? வேண்டாம்... முதலில் இவன் என்ன சொல்கிறான் என்று பார்ப்போம்.

"நல்லாருக்குமா?"

"ரொம்ப. ஆனா முடிஞ்சதும் மனசு கனத்துப் போகும். அதுக்கப்புறம் தீவுல நாலு பேர் சமைக்கிற நிகழ்ச்சி ஒன்னு இருக்கு, அதப் பாருங்க. சாப்பாடு வர்றதுக்கு முன்னாடி மட்டும் பாக்காதீங்க, பசி தாங்காது. பதினாறு பாகத் தொடர் பக்கம் போயிடாதீங்க. பத்தாவது பாகத்துல இஞ்சோன் வந்துடும். அப்புறம் அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியாமலே வீட்டுக்குப் போகணும்."

"என்னங்க, கடை வச்சிருக்கீங்களா?"

அவன் சிரித்தான். பதில் சொல்வதற்குள் ஜன்னலோரத்தில் இருந்த, பேச்சிலேயே பூசான் ஊர்க்காரி என்று தெரிந்த அம்மாள் தலையை நீட்டினாள். ஐம்பத்தைந்து வயது, சுருள் முடி, நெற்றியில் ஏற்றிவிட்ட குளிர்க்கண்ணாடி.

"தம்பி, மாமியா தோத்துப்போற தொடரு ஏதும் இருக்கா?"

"மூணு இருக்குங்கம்மா. ரெண்டாவதுல நல்லா தோப்பாங்க."

"அதப் போட்டு வுடு ராசா!"

ஹாரின் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து... அவன் பெயர் தேஹா என்று தெரிந்துகொண்டாள். தன் பெயரை மட்டும் சொன்னாள். தொழிலையோ, படத்தில் போட்டிருந்த புனைபெயரையோ சொல்லவில்லை.

படத்தைத் தொடர்ந்தாள். அடுத்தது அந்தக் காட்சி. குலுங்கும் விமானத்தில் கதாநாயகி காகிதத் துண்டு ஒன்றை எடுத்து அப்பாவுக்கு எழுதுவாள். நான்கு நிமிடம். பதினோரு முறை திருத்தி எழுதிய நான்கு நிமிடம்...

திரை சட்டென்று மாறியது. கதாநாயகி டாக்சியில் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்க போச்சு?" ஹாரின் பின்னால் தள்ளிப் பார்த்தாள். மறுபடி டாக்சி. "அடப்பாவி! படத்தோட உயிரையே வெட்டிட்டான்! எந்தக் கசாப்புக் கடைக்காரன் பார்த்த வேலை இது?"

தேஹாவின் முகம் வெளுத்தது. ஹெட்போனை மெதுவாக மடியில் வைத்தான்.

"நான்தாங்க."

"என்ன?"

"விமானங்களுக்குப் படமும் தொடரும் தேர்ந்தெடுத்துக் குடுக்கிற கம்பெனில வேலை பாக்குறேன். வெட்டினது... நான்தான்."

"அத எழுதினது நான்தான்!"

அந்த நேரம் பார்த்துப் பணிப்பெண் வந்து, "பிபிம்பாப் சோறா, மாட்டிறைச்சியா?" என்றாள்.

"ஹாரின், விமானம் குலுங்குற காட்சிய பறக்கும்போது போடக்கூடாதுன்னு விதி..."

"விதியாம் விதி! எங்கப்பாகிட்ட நேர்ல சொல்ல முடியாததையெல்லாம் அதுல எழுதியிருந்தேன். உங்களுக்கு அது வெறும் நாலு நிமிஷம்."

சொந்த ஊரான காங்னுங்கில் டாக்சி ஓட்டும் அப்பா. ஆசிரியர் தேர்வை விட்டுவிட்டுக் கதை எழுதப் போகிறேன் என்று அவள் சொன்ன நாள் முதல் மூன்று வருடமாக "ம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளும் அப்பா. அவர் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஹாரின், பூசான் அம்மாளிடம் இடம் மாற்றிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள். வெளியே வெயில், கீழே வெண்பஞ்சு மேகம்... தூக்கம் மட்டும் வரவில்லை.

"என்ன தம்பி, புள்ள கோச்சுக்கிட்டா?" அம்மாள் தணிந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள்.

"கோவம் நியாயந்தாங்கம்மா."

"வெட்டாம வுட்டுருந்தா என்ன?"

"படமே வந்திருக்காது. 'பேர் தெரியாத படம், அதுல விமானம் வேற குலுங்குது, தூக்கிப் போடு'ன்னாங்க ஆபீஸ்ல. நாலு நிமிஷத்த எடுத்துட்டுப் போடலாமேன்னு மூணு கூட்டத்துல சண்டை போட்டேன். தியேட்டர்ல என்னோட சேத்து அஞ்சு பேர்தான் இருந்தோம். இன்னும் கொஞ்சம் பேராவது பாக்கட்டுமேன்னு தோணிச்சு."

"அத அவகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"வெட்டினவன் வெட்டிட்டு நல்ல பேரும் கேக்கலாமாங்கம்மா?"

ஹாரினின் மூடிய இமைகளுக்குள் ஈரம் ஊறியது. திரும்பலாமா? கசாப்புக் கடைக்காரன் என்று சொன்ன வாயால் இப்போது என்ன சொல்வது... வீம்பு கழுத்தைப் பிடித்து வைத்திருந்தது. அப்பாவின் மகள்தானே!

ஓகினாவாவைத் தாண்டியதும் மேகம் கறுத்தது. இருக்கைப் பட்டையைப் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. அடுத்த நொடி விமானம் பள்ளத்தில் விழுந்தது போல் இறங்கியது. யாரோ அலறினார்கள். கோப்பைகள் உருண்டன. பூசான் அம்மாள் இந்தப் பக்கம் ஹாரினின் கையையும் அந்தப் பக்கம் தேஹாவின் கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

மறுபடி ஒரு குலுக்கல். ஹாரின் மறுகையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவள் விட்டுவந்த நடு இருக்கையின் திரையில் அவள் படத்தின் பெயர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் யாராவது அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால்... பயத்தில் செத்தே போயிருப்பார்கள். அவள் எழுதியபோது ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினாள். தரையில் கால் ஊன்றி.

தலையைத் திருப்பினாள். அம்மாளின் சுருள் முடிக்கு மேலாக அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றிலும் பயம் இருந்தது. இருந்தும், "ஒன்னும் ஆகாது" என்று உதடு அசைந்தது.

பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. பட்டை விளக்கும் அணைந்தது.

"தேஹா..."

"சொல்லுங்க."

"நல்லவேளை... வெட்டினீங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு சிரிப்புக்கும் நடுவில் பூசான் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடுவுல நான் என்ன வேலியா? நவுருங்க, பாத்ரூம் போறேன். வரும்போது நீங்க ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல இருக்கணும், சொல்லிப்புட்டேன்!"

அதன்பின் இஞ்சோன் வரும் வரை அவர்கள் எந்தப் படமும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள். வெட்டிய காட்சியில் காகிதத் துண்டில் எழுதியிருந்ததை வரி மாறாமல் அவன் சொன்னபோது, ஹாரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேகத்தைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு போன் பண்ணுங்க" என்றான் அவன். "நேர்ல சொல்ல முடியாட்டி பரவால்ல. பத்திரமா வந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

இஞ்சோனில் ஜூலை மழை. பெட்டிக்காகக் காத்திருக்கையில் ஹாரின் எண்ணை அழுத்தினாள்.

"அப்பா... வந்துட்டேன்."

"ம்."

"வர்ற வழியில ப்ளேன் ரொம்பக் குலுங்கிச்சுப்பா. உன் ஞாபகம் வந்துச்சு."

போனில் டாக்சியின் கண்ணாடித் துடைப்பான் ஓடும் சத்தம். பிறகு கரகரத்த குரல் கேட்டது. "சாப்டியா?"

மூன்று வருடத்தில் முதல் கேள்வி. ஹாரின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சாப்டேன்பா. நாளைக்கு ஊருக்கு வரவா?"

"வா. பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்."

வெளியே பேருந்து நிறுத்தத்தில் தேஹா நின்றிருந்தான். அவன் ஊரான சுவோனுக்குப் போகும் வண்டி எஞ்சினை உறுமவிட்டுத் தயாராக இருந்தது. பூசான் அம்மாளைக் கூட்டிப்போக மகன் வந்திருந்தான். கூரையின் விளிம்பிலிருந்து மழை கம்பி கம்பியாக இறங்கியது. ஹாரின் ஓடி வந்தாள். மூச்சிரைத்தது.

"பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன். தேஹா, நான் ஒன்னு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"மூணு வருஷமா மனசுல இருக்கறத பேப்பர்ல மட்டும்தான் எழுதிட்டு இருந்தேன். இனிமே வாயால சொல்லப் போறேன். பத்து மணி நேரம்தான் ஆச்சு, அதுல நாலு மணி நேரம் உங்கமேல கோவமா வேற இருந்தேன். என்னோட கதையில இப்படி வந்தா நானே வெட்டிடுவேன். ஆனாலும்..." அவள் குரல் மழையில் தாழ்ந்தது. "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "தம்பி, ஏறப்போறீங்களா இல்லையா?"

தேஹா அவளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க போங்கண்ணே!" என்றான் சத்தமாக. பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "படத்த நாலு தடவை பாத்தேன், ஹாரின். நாலு தடவையும் கடைசியில எழுதினவங்க பேர் வர்ற வரைக்கும் எந்திரிக்கல. அந்தப் பேருக்கு ஒரு முகம் இருக்குமேன்னு யோசிச்சுட்டே இருப்பேன். பார்த்துட்டேன்... இனி பார்க்காம இருக்க முடியாது. எனக்கும் பிடிச்சிருக்கு. ரொம்ப."

பேருந்து தண்ணீரை வாரியிறைத்தபடி கிளம்பியது. இருவரின் கால்சட்டையும் முழங்கால் வரை நனைந்துபோனது. யாரும் நகரவில்லை.