முழங்கால் உயரத்து விளக்கு

சுற்றுவட்டாரத்திலேயே உயரமான மலை அதுதான். பெயர் மட்டும் குள்ளமலை. பொகவந்தலாவையிலிருந்து ஏறிவரும் புதியவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதுவா குள்ளம் என்று சிரிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சிரிப்பதில்லை. பெயர் வைத்தவர்கள் மலையின் உயரத்தைப் பார்த்து வைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களின் உயரத்தைப் பார்த்து வைத்தார்கள்.

1936 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்ததும் செல்லசாமியும் அவன் மனைவியின் அண்ணன் முத்துலிங்கமும் மம்பட்டி, கூடை, அரிக்கன் லாம்போடு மலையின் மேற்குச் சரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். பனிமூட்டத்துக்குள் ஒரு பொந்து தெரிந்தது. வளர்ந்த ஆள் தவழ்ந்துதான் போக முடியும். அதன் வாயிலிருந்துதான் ஊற்றுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குடம் பிடிக்கும் பீலிக் குழாய்க்குப் போகும்.

எட்டு நாளாகப் பீலியில் வருவதைத் தண்ணீர் என்று சொல்ல நா கூசும். நூலாக ஒழுகியது. குடத்தில் பிடித்து வைத்தால் மேலே மஞ்சளாக ஆடை படிந்தது. விரலால் வழித்தால் விரலோடு வந்தது. நாள்பட்ட கொழுப்பின் சிக்கு வாடை. அதையே காய்ச்சி, துணியில் வடிகட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். வேறு தண்ணீருக்கு இரண்டு மைல் இறங்க வேண்டும்.

செல்லசாமிக்கு வாய்க்கால் வேலை. மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா சொல்லாவிட்டாலும் அவன் வந்திருப்பான். அவன் மனைவி வீரம்மாவுக்கு ஏழு மாதம். முதல் இரண்டும் பிறந்த சூட்டிலேயே போய்விட்டன. இதுவாவது தங்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. திங்கட்கிழமைதான் வளைகாப்பு நடந்தது. கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் அவள் கைக்குச் சிறிது. சோப்பு நுரை போட்டு, அவள் பல்லைக் கடிக்க, ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். அன்றைக்கும் அந்தத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்தாள்.

"நல்லா யோசிச்சியா மாப்புள?" என்றான் முத்துலிங்கம். பொந்தின் பக்கம் அவன் பார்க்கவில்லை.

"யோசிக்க என்னா இருக்கு மச்சான். அடைப்ப எடுத்தா தண்ணி வரும்."

"இது அவனுங்க வாசலு. அதத்தான் சொல்றேன்."

முத்துலிங்கம் தோட்டத்துக்கு வருமுன் சிங்கள ஆட்களோடு மாணிக்கக் குழியில் இரண்டு வருஷம் வேலை செய்தவன். கதை அவனுக்கு அங்கே கிடைத்தது. வாசலில் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றபடி, பாதிக் குரலில் சொன்னான்.

இடுப்பளவு உயரமுள்ள சனங்கள். அவர்களுக்கு ஒரு ராஜா. மலைக்குள் தெரு, வீடு, அரண்மனை எல்லாம் உண்டு. வெயில் படுவது குற்றம், தோண்டாமல் இருப்பது அதைவிடக் குற்றம். வீட்டுக்கு ஒரு சுரங்கம், சுரங்கத்துக்கு ஒரு விளக்கு. நீலக்கல்லைக் கூடையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கீழே ஊர்க்காரர்கள் கல்லை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எண்ணெய்க் குடம் வைப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பல தலைமுறை அப்படியே போயிற்று.

ஒரு வருஷம் ஊர்க்காரர்கள் கல்லை எடுத்துக்கொண்டு வெறும் குடத்தை வைத்தார்கள். மனுஷப் புத்தி.

விளக்கு அணைந்தாலும் தோண்டுவது நிற்கக் கூடாது என்றான் குள்ளராஜா. முதலில் வௌவாலை உருக்கினார்கள். பிறகு செத்தவர்களை. பிறகு, சாகட்டும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல் போயிற்று. விளக்கு எந்த வீட்டுடையதோ, நெய்யும் அந்த வீட்டுடையது என்று சட்டம் வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. வெளக்குதான் மிஞ்சுச்சு." முத்துலிங்கம் எச்சிலைத் துப்பினான். "நான் உள்ள வரல மாப்புள. வெளிய நின்னு கூடைய வாங்கிக்கிறேன்."

செல்லசாமி கோபப்படவில்லை. பயந்தவனை இழுத்துக்கொண்டு போனால் அவனையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். மண்டியிட்டு உள்ளே போனான்.

இரண்டு முழம் தள்ளி, இடப்பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு மாடம் இருந்தது. அதில் கல்லில் குடைந்த கிண்ணம். அடியில் கறுத்துக் கெட்டியான பிசுக்கு.

அங்கேதான் அவன் தவறு செய்தான். தவறு என்று அவனுக்குத் தெரியாது. அவன் பிறந்து வளர்ந்த இடத்தில் சாமி கும்பிடாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுமுன் ஒரு கல்லை நட்டுக் கர்ப்பூரம் கொளுத்துவார்கள். ஆலை உருளையைச் சுற்றுமுன்னும் அப்படியே. மாடத்தைக் கண்டதும் அவன் கை தானாக மடிக்குப் போயிற்று. கர்ப்பூரக் கட்டியைக் கிண்ணத்தில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான்.

"எந்த சாமியா இருந்தாலும் சரி. எம் பொஞ்சாதி வீரம்மாவையும் வயித்துப் புள்ளையையும் நீதான் பாத்துக்கணும்."

கர்ப்பூரம் கரைந்தது. பழைய பிசுக்கு தீப்பற்றி நின்று எரிந்தது. நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தவழ்ந்தான்.

சுவரெல்லாம் கீறல் படங்கள். எல்லாமே முழங்கால் உயரத்தில். லாம்பு வெளிச்சத்தில் முத்துலிங்கத்தின் கதை ஒவ்வொன்றாக வந்தது. வாசலில் கூடையும் குடமும். கவிழ்ந்த வெற்றுக் குடம். கையை உயர்த்திய ராஜா. அண்டாவைச் சுற்றிக் குள்ளர்கள், அண்டாவுக்கு வெளியே ஒரு கால். அதற்கப்பால், ஒருவன் மாடத்தில் விளக்கேற்றுகிறான். பின்னால் கொழுத்த மனைவி. அடுத்ததில் மனைவி மெலிந்து, சுடர் பெருத்திருந்தது. அடுத்ததில் அவள் வெறும் கோடு. பிறகு ஒருவன் உள்ளங்கையால் சுடரைப் பொத்துகிறான். கடைசியில் ஒரு பச்சைக் குழந்தை. கையை இறுக்க மூடியிருந்தது. விரலிடுக்கிலிருந்து சின்னதாக ஒரு கோடு. உளி தவறியிருக்கும் என்று நினைத்தான்.

அதைத் தாண்டி அடைப்பு.

மண் என்று நினைத்து மம்பட்டியைப் போட்டான். சத்தமே வரவில்லை. வெந்த மரவள்ளிக் கிழங்கில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. வெள்ளையாக, வழவழவென்று, சுரங்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது கொழுப்பு. இடம் போதாமல் மம்பட்டியை விட்டுவிட்டுக் கையால் அள்ளினான். விரல்களுக்கு நடுவே பிதுங்கியது. முழங்கை வரை வழிந்தது. கொத்தாக மயிர் வந்தது. நகம் வந்தது. ஒருமுறை உள்ளங்கையில் ஏதோ உறுத்த, லாம்பருகே பிடித்துப் பார்த்தான். கடைவாய்ப் பல். அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

இரண்டு தரம் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு மறுபடி அள்ளினான்.

இருபத்து மூன்றாவது கூடையில் தண்ணீர் பீறிட்டு அவனை வாசலுக்குத் தள்ளியது. பளிங்குத் தண்ணீர். முத்துலிங்கம் ஓடிப்போய்ப் பீலியில் பார்த்துவிட்டு வந்து, "லயமே கும்புடுது மாப்புள" என்றான்.

நனைந்த பிறகும் மாடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்லசாமி அதைப் பெரிதாக எண்ணவில்லை.

கையை மண் போட்டுத் தேய்த்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. லயத்து நாய்கள் அவன் கையை நக்கப் பின்னாலேயே வந்தன. அவர்களின் ஒற்றையறைக் காம்பராவில் வீரம்மா ரொட்டியும் சம்பலும் வைத்தாள். வாயில் வைத்ததும் கொழுப்பு ருசித்தது. துப்பிவிட்டான்.

"என்னாங்க, நல்லால்லயா?"

"பசியில்ல புள்ள."

தட்டை எடுக்க அவள் கையை நீட்டினாள். அன்று காலை அசையாமல் சதையைப் பிடித்திருந்த வளையல்கள் புறங்கை வரை சரிந்து சலசலத்தன.

அவன் அந்தக் கையையே பார்த்தான்.

மறுநாள் காலை இரண்டு வளையல்கள் பாயில் கிடந்தன. கன்னத்து எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் அப்படியே இருக்க, மற்ற உடம்பெல்லாம் ஒரே இரவில் வடிந்திருந்தது. "தண்ணி சேரலங்க, சரியாயிரும்" என்று அவனுக்கே தைரியம் சொன்னாள். பீலியில் தண்ணீர் இளநீராக வந்துகொண்டிருந்தது.

செல்லசாமி பெரட்டுக்குப் போகவில்லை. குள்ளமலைக்கு ஓடினான்.

பொந்து இருட்டாக இல்லை. நேற்று இல்லாத, மயிரை முறுக்கிய ஒரு திரியில் சுடர் முழ நீளத்துக்கு நின்று எரிந்தது. நேற்று அடியில் பிசுக்கு மட்டும் இருந்த கிண்ணம் இன்று விளிம்பு வரை நிரம்பியிருந்தது. புதுக் கொழுப்பு. இளமஞ்சள். வெதுவெதுப்பாக ஆவி விட்டது.

அதில் சிக்கு வாடை இல்லை.

வளைகாப்புச் சோப்பு மணந்தது. அவள் தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் மணந்தது.

தன் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. அந்த மணம் ஒரு நொடி அவனுக்குப் பிடித்திருந்தது.

ஊதினான். அணையவில்லை. தண்ணீரை அள்ளி ஊற்றினான். தண்ணீர் கீழே ஓடியது, சுடர் நின்றது. கிண்ணத்தைப் பெயர்க்கப் பார்த்தான். மலையோடு மலையாக இருந்தது. சுரங்கத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, எங்கோ ஆழத்தில், கல்லை உளி கொத்தும் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

வேலை தொடங்கியிருந்தது. அவன் வீட்டு வெளிச்சத்தில்.

சுவரில் பார்த்தது நினைவுக்கு வர, உள்ளங்கையை விரித்துச் சுடரின் மேல் பொத்தினான். தோல் பொசுங்கியது. கத்தினான். கையை எடுக்கவில்லை. உளிச்சத்தம் நின்றது. எடுத்தபோது இருட்டு.

கிண்ணத்தில் விரல்களால் துழாவினான். கொழுப்பு இருந்தது. இவ்வளவு நேரம் எரிந்த திரியைக் காணவில்லை.

வீடு திரும்பியபோது வீரம்மா பழைய சோற்றை இரண்டாம் முறை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். பத்து நாளில் உடம்பு தேறியது. கழன்ற இரண்டு வளையல்களை மறுபடி சோப்பு போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. செல்லசாமி கையில் கட்டோடு ஒளிந்து நின்று அழுதான். சந்தோஷ அழுகைதான்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் பகலில் ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவம் பார்த்த அழகம்மா வெளியே எட்டிப் பார்த்து, "புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கு செல்லசாமி. கைய மட்டும் தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

"எந்தக் கை?"

"வலது. ஏன், அதுல என்னா இருக்கு?"

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளே, மயிரை முறுக்கிய ஒரு திரி. எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு முனை கருகியிருந்தது.

அழகம்மா முகத்தைச் சுளித்தாள். "சில புள்ளைங்களுக்குக் கையில அழுக்கு இருக்கும்" என்று அதைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தாள். குழந்தை அப்போதுதான் முதல்முறையாக அழுதது.

வளைகாப்பு வளையல் பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சிக்குச் சேர வேண்டியது. அதற்காக அழகம்மா மறுநாள் காலை ஒரு துண்டுச் சோப்போடு வந்தாள். செல்லசாமி வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வீரம்மா சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை சப்பும் சத்தம் வாசல் வரை கேட்டது. அதன் வலது கை மறுபடி இறுக்க மூடியிருந்தது. விரலிடுக்கிலிருந்து கருகிய திரி முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"கைய நீட்டு தாயி. மெதுவா நுரை போட்டு எடுத்துர்றேன்."

வீரம்மா கையை நீட்டினாள்.

சோப்புக்கு வேலை இருக்கவில்லை. வளையல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தாமாகவே, அழகம்மாவின் மடியில் விழுந்தன.