இரண்டாவது கையெழுத்து

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் கட்டம் இரண்டு இருந்தது. வாங்குவது லோர்னா ஒருத்திதான்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேசைமேல் கிடந்த கைபேசியில் அந்தப் பத்திரத்தை மறுபடி குனிந்து பார்த்தாள். வெளியே யூமாவின் மார்ச் மாதக் காற்று, அறுவடை முடிந்த லெட்டூஸ் வயல்களின் அழுகல் வாடையையும் பொடிமணலையும் அள்ளிக்கொண்டு வந்து முப்பத்திரண்டு அடி வீட்டு வண்டியின் பக்கங்களில் உரசிக்கொண்டிருந்தது, குளிர்பெட்டி முனகியது, தரைக்கம்பளத்திலிருந்து முகப்பவுடர் வாசனை, யாரோ இப்போதுதான் அந்தப் பக்கம் நடந்துபோன மாதிரி, வந்து வந்து மறைந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று வீடு மாதிரியே எல்லாம் இருந்தது. விலை முப்பத்தொன்பதாயிரம் டாலர். இதே வயதுள்ள வண்டிகள் அறுபதுக்குக் குறையாமல் போகின்றன. ஆதாயம் இல்லாமல் யாராவது ஆற்றோடு போவார்களா என்று காலையிலிருந்தே அவளுக்கு உறுத்தல்தான்.

ஆனால் அவளுக்கு வேறு வழி இல்லை. பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். நாளை மதியம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு இடங்களில் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடன் சங்கம்தான் மிச்சம்.

சங்கத்தின் ரெனாட்டாவைக் கூப்பிட்டாள்.

"வாழ்த்துக்கள் மேடம்! உங்க பென்ஷன மட்டும் வச்சு நேத்து தள்ளிட்டாங்க. கூட இன்னொருத்தர் சேந்ததும் உடனே பாஸாயிருச்சு."

"எந்த இன்னொருத்தர்?"

"நடீன் கல்வர். உங்க ஃப்ரெண்டுதானே? எங்க பழைய கஸ்டமர், ஒரு தவணை தவறினதில்ல. அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேரும் போட்டுருங்க. இல்லேன்னா திங்கக்கிழமை மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்று கத்தியிருக்கலாம். மடியில் கனம் இருந்தது. "வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பீர்களா?" என்ற கேள்விக்கு லோர்னா "இல்லை" என்று போட்டு, தங்கையின் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். வண்டிவாசிகள் எல்லோரும் சொல்லும் பொய்தான் அது. உண்மையைச் சொன்னால் கடன் கிடைக்காது. கிளறினால் அதுவும் வெளியே வரும்.

மணி நாலு இருபது.

விற்கிறவர் ஹார்லன், எழுபது வயதுக்காரர், வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். மூன்று மணி நேரமாக வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டியவர் ஒருமுறைகூட உள்ளே ஏறவில்லை. ஓட்டிப் பார்க்கும்போதும் தன் பிக்கப் டிரக்கில் பின்னால்தான் வந்தார். வண்டியோரம் இழுத்துக் கட்டிய கூடாரத் துணிக்குக் கீழே ஒரு மடக்குக் கட்டில், மணல் படிந்த போர்வை. உள்ளே மெத்தை இருக்க, மனிதர் வெளியில் படுக்கிறார்.

லோர்னா வாசலில் நின்று கேட்டாள். "யாரு நடீன் கல்வர்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "பேரு வந்துருச்சா?"

"உங்க பொண்டாட்டிய என் தலைல கட்டப் பாக்குறீங்களா? நாளைக்கு அவ வந்து பாதி வண்டி என்னுதும்பா. என் காதுல பூ சுத்தாதீங்க."

"எனக்குக் கல்யாணமே ஆகலம்மா."

"அப்ப யாரு?"

"நானும் தனியாத்தான் வாங்க வந்தேன். எனக்கும் கடன் கெடைக்கல. அப்புறம் இதே பேரு சேந்து கெடைச்சுது." அவருடைய கண் அவளைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பியது. "கெட்டவங்க இல்லம்மா. தனியா இருக்கப் புடிக்காது, அவ்வளவுதான்."

"கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்தாள். ஏதோ கூட்டுக் களவாணித்தனம். ரெனாட்டாவுக்கும் பங்கு இருக்கும். படிவத்தை விரலால் தள்ளித் தள்ளி இரண்டாம் ஆளின் பக்கத்துக்குப் போனாள்.

பெயர்: நடீன் கல்வர். விலாசம் என்ற இடத்தில் தெரு இல்லை, ஊர் இல்லை. இந்த வண்டியின் பதிவு எண் இருந்தது.

வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பீர்களா?

ஆம்.

அப்போது வண்டி ஆடியது.

அது காற்றல்ல. காற்று பக்கவாட்டில் தள்ளும். இது வேறு. லோர்னா இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எந்தப் பிள்ளை எந்த வரிசையில் எழுந்து நடக்கிறது என்று கண்ணாடியைப் பார்க்காமலே முதுகு சொல்லிவிடும். இப்போதும் சொன்னது. பின்னாலிருந்து ஒருவர் நடந்து வருகிறார். மெதுவாக. ஒல்லியான ஆள்.

கைபேசியை மேசைமேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். பேருந்தை நிறுத்தியதும் கடைசி இருக்கைவரை நடந்து, தூங்கிப்போன பிள்ளை யாராவது உண்டா என்று பார்த்த பிறகுதான் இறங்கலாம். கால்கள் அந்தப் பழக்கத்தில் நடந்தன. கழிப்பறை. யாருமில்லை. அலமாரி. ஹார்லனின் ஒரு சட்டைகூட இல்லை. படுக்கையறை. ஒரே ஒரு கட்டில், சுருக்கமில்லாமல் விரித்த போர்வை. குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"காலி," என்று பழக்கதோஷத்தில் உரக்கச் சொன்னாள்.

அவள் அசையாமல் நின்றாள். வண்டி மட்டும் ஆடியது. இரண்டு காலடி. மூன்று. ஆட்டம் மேசைப் பக்கம் போய் நின்றது.

திரும்பி வந்தாள். முகப்பவுடர் வாசனை இப்போது போய்விடாமல் நின்றது. கைபேசி வைத்த இடத்திலேயே கிடந்தது. முதல் கட்டம் காலி. இரண்டாவதில் கையெழுத்து இருந்தது.

தலைகீழாக.

மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து, எட்டி, விரலால் போட்ட கையெழுத்து. கண்ணாடித் திரையில் பவுடர் தடம். எதிர் இருக்கையின் மெத்தை அமுங்கியிருந்தது. அமுங்கியே இருந்தது.

கைபேசி அடித்தது. எடுத்தாள்.

"நடீன் மேடம் போட்டுட்டாங்க. நீங்கதான் பாக்கி. நாலு அம்பத்தேழு, சீக்கிரம்!"

லோர்னாவுக்குப் பயமாக இருந்தது. ஓடலாம். ஓடி எங்கே? அறுபத்தொரு வயதில், கடை வாசலில் நிறுத்திய காருக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டா? நாளைக்கும்? மறுநாளும்? அதை நினைத்தபோது வந்த பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது.

எதிர் இருக்கையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே ஹார்லனின் கைபேசி ஒலித்தது. திரையைப் படித்துவிட்டு அவர் அழுதார். சிறுபிள்ளை மாதிரி தோள் குலுங்க அழுதார். பிறகு மடக்குக் கட்டிலை அள்ளி பிக்கப்பில் எறிந்தார். கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"அவங்களுக்கு ஜன்னல் பக்கம்மா. அத மட்டும் விட்டுக் குடுத்துருங்க."

புழுதி. அப்புறம் பிக்கப்பின் சத்தமும் இல்லை.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. படிக்கட்டு 'கர்ர்ர்' என்று வண்டிக்கடியில் இழுத்துக்கொண்டது. எதிர் மெத்தை மெல்ல உப்பி எழுந்தது.

வண்டி ஆடியது. அவளைக் கடந்து. பின்பக்கமாக. ஒரு காலடி. இன்னொரு காலடி.

நின்றது.

பதினைந்து வருடக் கடன். லோர்னா பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்தாள்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னல் பக்கத்துத் தலையணை குழிந்திருந்தது. இந்தப் பக்கத்துப் போர்வை, ஒருவர் வந்து படுக்க வசதியாக, ஒழுங்காக மடித்து விலக்கப்பட்டிருந்தது.