மடியில் முடிந்த கொலுசு

மலையூரான கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த நிர்மலா, துணிப்பையை மேசைமீது வைத்த பிறகும் அதன் வாயை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா," என்றார் ஆதிமூலம்.

ஆதிமூலம் முப்பத்தைந்து வருடம் காவல் நிலையங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வழக்குக் காகிதம் எதற்காவது பொருள் புரியவில்லையென்றால் கள்ளக்குறிச்சி வக்கீல்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். இளம் வக்கீல் சந்தியா முதலில் அப்படி ஒரு காகிதத்தோடு வந்தவள். இப்போது காகிதம் இல்லாமலும் வருகிறாள்.

"எம்பத்தொம்போது ஐப்பசி சார். எனக்கு நாலு வயசு," என்று நிர்மலா தொடங்கினாள். "காட்டாறு வந்து எங்க குடிசைய அடிச்சிக்கினு போயிடுச்சு. வெள்ளம் வடிஞ்சி பாத்தா நான் ஒரு புங்க மரத்துல கயித்துல தொங்கிக்கினு இருந்தேனாம். கீழ கொஞ்ச தூரத்துல ஒரு வாலிபன் செத்துக் கெடந்தான். இன்னாரு, எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. அவன் மடியில என் கொலுசு ரெண்டும் இருந்துச்சு."

"சரி."

"எங்கப்பா சாவற வரைக்கும் திருடன்னே சொன்னாரு. கொலுச உருவிக்கினு புள்ளையக் கட்டிப்போட்டு ஓடுனவன், வெள்ளத்துல மாட்டிக்கினான்னு. எங்கம்மா அவனப் பொதச்ச எடத்துல கல்லு நட்டு வெளக்கு வச்சிது. இப்ப ரோட்ட அகலம் பண்றாங்க. கல்ல வேற எடத்துல நடலாம்னா, திருடனுக்கு எதுக்கு எடம்னு ஊர்ப் பெரியவரு காசிநாதன் கேக்குறாரு. அடுத்த வெள்ளிக்கெழம பிடுங்கிடுவாங்க." அவள் பையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். "கல்லு கெடக்கட்டும் சார். அவன் என்னைக் காப்பாத்துனானா, கட்டிப்போட்டானா? அது தெரியாமயே எனக்கு நாப்பது வயசாயிடுச்சு."

பைக்குள் ஒரு ஜோடி குழந்தைக் கொலுசு, ஒரு செம்பு மோதிரம், புகையேறிக் கறுத்த கயிற்று முடிச்சு ஒன்று. நிர்மலாவின் அம்மா கயிற்றை மரத்தருகே அறுத்து, முடிச்சை அவிழ்க்காமல் அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைத்திருந்தாளாம். புகை அதைக் காப்பாற்றியிருந்தது.

"மோதிரம்?"

"அதுவும் கொலுசோடதான் இருந்துச்சாம். எல்லாம் எங்க வூட்டுதுன்னு போலீசு குடுத்துட்டாங்க. எங்க வூட்ல யாரும் செம்பு மோதிரம் போட்டதில்ல."

ஆதிமூலம் மோதிரத்தையும் கயிற்று முடிச்சையும் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டார். அருகில் இருந்த சந்தியா வருடத்தையும் ஊரையும் குறித்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் சந்தியா எங்கெங்கோ அலைந்து அந்த மரண விசாரணை அறிக்கையின் நகலோடு வந்தாள். நின்றுகொண்டே படித்தாள்: "வயது சுமார் இருபது. முகத்திலும் முன்கைகளிலும் நீலப் புள்ளிகள், பழைய அம்மைத் தழும்பாக இருக்கலாம். நெற்றியில் புள்ளி இல்லை. வலது மோதிர விரலில் வெளுத்த வளையத் தடம். இடுப்பில் கட்டிய துண்டின் முடிச்சில் கொலுசு இரண்டு, மோதிரம் ஒன்று. திருடும்போது வெள்ளத்தில் சிக்கியிருக்கலாம்."

அவளுக்குக் கோபம் வந்தது. "அம்மைத் தழும்பு நீலமாவா சார் இருக்கும்? எவனோ தூங்கிக்கினே எழுதியிருக்கான்!"

"தூங்கல. நான்தான் எழுதினேன்."

சந்தியா காகிதத்தை மெல்ல மேசைமீது வைத்தாள்.

"வேலையில சேந்து ரெண்டாவது மாசம். ஏட்டு சொல்லச் சொல்ல எழுதினேன். வெளுத்த வளையம் மட்டும் அவர் சொல்லல, என் கண்ணுல பட்டுச்சு. எழுதினேனே தவிர, அதுக்கு என்ன அர்த்தம்னு என்னையே கேட்டுக்கல." அவர் மோதிரத்தைக் கையில் எடுத்தார். "வெளுத்த விரல்ல இருந்தது இதுதான். சொந்த மோதிரத்தையே திருடி மடியில முடிஞ்சுக்கிற திருடனப் பாத்திருக்கியா?"

"அப்ப அவன் திருடன் இல்ல. ஆனா மோதிரத்த ஏன் சார் கழட்டுனான்?"

ஆதிமூலம் மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அது தட்டான் செய்ததல்ல. மெல்லிய செம்புக்கம்பி இரண்டைச் சேர்த்து முறுக்கி வளைத்தது. கயிற்றைப் பார்த்தார். கீழே தொடைகளுக்கு இரண்டு வளையம், மேலே மார்புக்கு ஒன்று, நடுவே மூன்று சுற்று. வெகுநேரம் கழித்து நிர்மலாவுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் காலத்துல உங்க ஊர்ல கெணறு இருந்துச்சாம்மா?"

"கெணறா? ஓடத் தண்ணி, சுனத் தண்ணிதான் சார்."

"அதான் இந்த முடிச்சு யாருக்கும் தெரியல," என்று போனை வைத்தார்.

மறுநாள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் சந்தியாவின் ஸ்கூட்டரில் போனார்கள். கிணறு வெட்டும் ஆட்கள் உள்ள ஊர்களில் ஆதிமூலம் ஒரே வேலையைத்தான் சொன்னார்: "கெணத்துல ஒரு ஆள எறக்கணும்னா கயித்த எப்படிப் போடுவீங்க? போட்டுக் காட்டுங்க." முதல் இரண்டு ஊர்களிலும் அதே மூன்று வளையங்கள் வந்தன. ஆனால் நடுவே இரண்டு சுற்றுதான்.

மூன்றாவது ஊரில் பாவாடை என்ற பெரியவர் இருந்தார். அறுபது தாண்டியிருக்கும். அவர் முகத்தையும் முன்கையையும் பார்த்த சந்தியா ஆதிமூலத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தோலுக்குள் நீல நீலமாகப் புள்ளிகள். தலைப்பாகை மறைக்கும் நெற்றி மட்டும் சுத்தமாக இருந்தது.

"பாறைக்கு வெடி வச்சா கல்லுத் தூளு பூந்துக்கும். குளிச்சாலும் போவாது," என்று சிரித்தார் பாவாடை. "யாரு எறங்கப் போறது? நீயாம்மா?"

"நான்தான். கட்டுங்க!" சந்தியா முன்னால் வந்து நின்றாள்.

"அவசரத்தப் பாரு. வாட்ச்சக் கழட்டு. வளையல், கொலுசு எல்லாத்தையும் கழட்டு."

"எதுக்குங்க?"

"கயிறு சறுக்குறப்ப நகையில மாட்டுனா வெரலே போயிடும், காலே போயிடும். எறங்குறவனும் கழட்டணும், கயிறு புடிக்கிறவனும் கழட்டணும். கழட்டாம நான் யாரையும் தொட்டதே கெடையாது."

அவள் கழற்றிக் கொடுத்தாள். பாவாடை வாங்கித் துண்டின் ஓரத்தில் வைத்து முடிந்து, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "எறங்குறவன் பொருளு மேல நிக்கிறவன் மடியில. ஏறி வந்ததும் கையில குடுத்துடணும். இதான் எங்க வழக்கம்."

சந்தியா ஆதிமூலத்தைத் திரும்பிப் பார்த்தாள். வளையங்கள் விழுந்தன. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று.

"மத்தவங்க ரெண்டுதான் சுத்துறாங்க," என்றார் ஆதிமூலம்.

"ரெண்டு சுத்து அவுந்து எங்கப்பன் ஒருத்தன கெணத்துல பறிகுடுத்துட்டாரு. அன்னிலேருந்து எங்க வூட்ல மூணு. நானும் என் தம்பியும் மட்டுந்தான் இப்படிப் போடுவோம்."

"தம்பி எங்க இருக்காரு?"

"என்னாண்ட சண்ட போட்டுக்கினு பெங்களூரு போறேன்னு போனான். எம்பத்தொம்போதுல. வூட்டுப் பக்கம் திரும்பல, ரோஷக்காரன்."

ஆதிமூலம் மோதிரத்தை நீட்டினார். பாவாடை அதைக் கையில் வாங்காமலே அடையாளம் கண்டுகொண்டார்.

"வெடி வைக்கிற கம்பி," என்றார். "நான்தான் முறுக்கிக் குடுத்தேன்."

வெள்ளிக்கிழமை காலை கரியாலூரில் சாலையோரக் கல்லைச் சுற்றி ஊரே நின்றது. காசிநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மண் அள்ளும் இயந்திரம் தள்ளி நின்றிருந்தது.

பாவாடையை அருகில் நிறுத்திக்கொண்டு ஆதிமூலம் குரலை உயர்த்தாமல் பேசினார். "விசாரிச்சுட்டேன். அந்த வருஷம் இந்த ரோட்டுக்குப் பாறை உடைக்க சமவெளியிலேருந்து ஆளுங்க வந்தாங்க. மழைன்னு மூணு நாள் முன்னாடியே எறங்கிட்டாங்க. அது தெரியாம ஒரு பையன், இவரு தம்பி, வேல கேட்டுக் கயிறோட ஏறி வந்தான். அண்ணன்கிட்ட சொன்ன மாதிரி பெங்களூருக்குப் போகல. அவன் வந்தது யாருக்கும் தெரியாது. முகத்துல இருந்தது அம்மை இல்ல, வெடித் தூளு. மடியில இருந்தது திருட்டு இல்ல, தொழில் வழக்கம். கயித்துல ஆளக் கட்டுறதுக்கு முன்னாடி, தன் மோதிரம், அந்த ஆளோட நகை, ரெண்டையும் கழட்டி முடிஞ்சுக்கணும். தண்ணி கழுத்துக்கு வர்ற நேரத்துலயும் அவன் கை அதச் செஞ்சிருக்கு. கயிறு ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சு. அத இந்தப் புள்ளைக்குக் கட்டிட்டான்."

"அப்ப போலீசுக் காகிதத்துல திருடன்னு ஏன் எழுதுனாங்க?" என்றார் காசிநாதன்.

"எழுதினவன் நான்தாங்க. தப்பு என்னுது."

காசிநாதன் கட்டியிருந்த கையை அவிழ்த்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டுக் கல்லருகே குனிந்தார். "பேரு இன்னா?"

"மண்ணாங்கட்டி," என்றார் பாவாடை. "அவனுக்கு முன்னாடி ரெண்டு செத்துப்போச்சு. இவனாவது தங்கட்டும்னு அந்தப் பேரு வச்சாங்க."

அந்தப் பேரைக் கல்லில் எப்படி வெட்டுவது என்று யாரோ தயங்கினார்.

"அதே பேர வெட்டுங்க," என்றாள் நிர்மலா.

அவள் கொலுசு இரண்டையும் பாவாடையின் கையில் வைத்தாள். அவரிடமே இருக்கட்டும் என்று நினைத்தாள் போலும். பாவாடை அவற்றைத் துண்டில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டார். தம்பியின் கல்லைத் தொட்டார். பிறகு முடிச்சை அவிழ்த்தார்.

"ஏறி வந்துட்டியேம்மா," என்று கொலுசை அவள் கையில் கொடுத்தார். "வாங்கிக்க."