உம் கொட்ட ஓர் ஆள்

வாக்கியம் முடிவதற்கு முன்பே உம் வந்துவிட்டது.

சொர்ணவல்லி ஒரு கணம் தயங்கினாள். ‘ஆத்மநாதன் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து’ என்பது வரைதான் வாசித்திருந்தாள். ‘மாட்டிக்கொண்டார்’ என்பது இன்னும் அவள் வாய்க்குள்தான் இருந்தது. இருளாயி அக்கா எப்போதும் வாக்கியத்தை முழுசாகக் கேட்டு, வெற்றிலையோடு சேர்த்து மென்று, அதற்கப்புறம்தான் உம் கொட்டுவாள். முந்தின வரிக்கான உம் அடுத்த வரியின் நடுவில் வந்து விழுவதும் உண்டு. அப்பேர்ப்பட்டவளுக்கு இன்றைக்கு என்ன அவசரமோ என்று தனக்குள் சிரித்தபடி மேலே வாசித்தாள்.

அந்த வருஷம் கறம்பக்குடியில் மண்ணெண்ணெய் மருந்துக்கும் கிடைக்கவில்லை. சண்டை எங்கோ பர்மாவில் நடந்தது. இருட்டு மட்டும் இங்கே வந்து குந்திக்கொண்டது. அதனால் கதைப் புத்தகம் படிப்பதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நடுவீட்டில்தான். அங்கே ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே இறங்கும் வெயில் ஒரு முறம் அகலத்துக்குத் தரையில் விழும். அந்த வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்தால் எழுத்து பளிச்சென்று தெரியும், ஆனால் தலை நிமிர்ந்தால் சுற்றிலும் ஒன்றும் தெரியாது. பொழுது சாயச் சாய வெயில் கிழக்கே நகரும். சொர்ணவல்லியும் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்வாள். அவள் முதுகுக்குப் பின்னால், இருட்டுக்குள், பாயில் சாய்ந்து ஒரு கையால் தூளிக் கயிற்றை இழுத்தபடி இருளாயி கதை கேட்பாள். தூளியில் கிடப்பது சொர்ணவல்லியின் மகன் ராசு, ஏழு மாதப் பிள்ளை.

இருளாயி அந்த வீட்டு மூத்தவன் ஆண்டியப்பனின் மனைவி. இளையவன் பழனிச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டவள் சொர்ணவல்லி. மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை, ராசுவைத் தரையில் விடமாட்டாள். ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துத் தெருவில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்.

அவர்களை ஒட்டவைத்ததில் பாதிப் பங்கு ‘புத்தகக்கடை ஆத்மநாதன்’ என்ற மாத நாவலுக்கு. ஒரு சின்ன ஊரில் புத்தகக் கடை வைத்திருக்கும் வயசாளி அவர். அந்த ஊரில் மாதம் தவறாமல் ஒரு கொலை விழும். அதற்காக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்கள். செத்தவன் எப்படியும் பொல்லாதவனாக இருப்பான், ரத்தம் ஒரு வரிக்கு மேல் வராது. ஆத்மநாதன் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே, கடைக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தே கொலைகாரனைப் பிடித்து, அவனுக்கும் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துப் போலீசில் ஒப்படைப்பார்.

“கொலையாம் கொலை! அந்த மனுசன் கடையத் தொறந்து வச்சு உக்காந்தாருன்னா எனக்கு மனசு குளுந்து போகுதுடி” என்பாள் இருளாயி.

தபாலில் வரும் புத்தகத்தில் தாள்கள் மடிப்பு வெட்டப்படாமல் ஒட்டியே இருக்கும். கத்தியால் கீறினால்தான் அடுத்த பக்கம். அது இருளாயியின் வேலை. “எனக்குப் படிக்கத்தான் தெரியல, கீறவாச்சும் தெரியுமுல்ல” என்று பேனாக்கத்தியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வாள். மடிப்பு வந்ததும் சொர்ணவல்லி திரும்பாமலே புத்தகத்தைப் பின்னால் நீட்டுவாள். இருட்டிலிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். சரக், சரக். புத்தகம் திரும்பி வரும்.

போன அமாவாசையன்று மேலத்தெருவில் ஒரு கொலை விழுந்தது. அது ஆத்மநாதன் ஊர்க் கொலை மாதிரி இல்லை. அந்தத் தெரு மீனம்மாளின் மாமியாருக்குக் கழுத்து எலும்பு வரைக்கும் அறுபட்டிருந்தது. காதுத் தோடு காதில் இருந்தது. கதவுகள் இரண்டும் உள்ளே தாழ் போட்டபடி. கூரை ஓட்டைப் பிரித்துத்தான் ஊர்க்காரர்கள் உள்ளே இறங்கினார்கள். மீனம்மாள் உயிரோடு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம், மடியில் இவர்கள் இரவல் கொடுத்த போன மாதப் புத்தகத்தோடு. யார் என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்து “உம்... உம்...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். மாமியாரை மருமகள்தான் அறுத்தாள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

“கோழி அறுக்கையிலேயே கண்ண மூடிக்கிறவ அவ. அவளா அறுத்தா?” என்று இருளாயி மட்டும் நம்பவில்லை.

இன்று காலை அண்ணன் தம்பி இருவரும் வண்டி கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார்கள். “ரெண்டு கதவையும் தாப்பாப் போட்டுக்கங்க. பொழுது சாய வந்துருவோம்” என்று ஆண்டியப்பன் சொல்லிவிட்டுப் போனான். சொர்ணவல்லி தன் கையாலேயே இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள்.

மடிப்பு வந்தது. புத்தகத்தைப் பின்னால் நீட்டினாள். கை வாங்கிக்கொண்டது. சரக், சரக். புத்தகம் திரும்பி வந்தபோது தாளின் விளிம்பு ஈரமாக இருந்தது.

“வெத்தலக் கையோட தொட்டீங்களாக்கும்?”

“உம்.”

“படிச்சுட்டு அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும், அக்கா.”

“உம்.”

பேச்சுக்கு ஒரு உம், அதட்டலுக்கும் ஒரு உம். சோற்று மயக்கம் என்று சொர்ணவல்லி நினைத்துக்கொண்டாள். கிரீச், கிரீச் என்று தூளி மட்டும் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. கதையில் ஆத்மநாதன் கடைக்குள் பிணம் கிடந்த இடத்தைக் குனிந்து பார்த்து, ‘ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லையே’ என்று வியந்தார். வெயில் நகர்ந்துவிட்டிருந்தது. அவளும் உட்கார்ந்தபடியே ஒரு சாண் பின்னால் நகர்ந்தாள்.

சேலை நனைந்தது. வெதுவெதுப்பாக.

ராசு தூளியிலிருந்து மூத்திரம் பெய்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்து துணி எடுக்கலாம், ஆனால் கொலைகாரன் யார் என்று தெரியும் நேரத்தில் எவள் எழுவாள்? புடவையை ஒதுக்கிக்கொண்டு வாசித்தாள். நாலு வரி போவதற்குள் மணம் வந்தது. பிள்ளை மூத்திரத்தின் மணம் அல்ல. ஐயனார் கோயிலில் கிடாய் வெட்டின மறுநிமிஷம் மண்ணிலிருந்து கிளம்புமே, அந்த மணம்.

வாசித்துக்கொண்டே இடது கையைத் தரையில் வைத்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

விரல்கள் சிவப்பாக இருந்தன. புத்தகத்தின் விளிம்பும் அதே சிவப்பு.

வாய் தன் பாட்டுக்கு வாசித்தது. மனசு பின்னால் ஓடியது. கொஞ்ச நேரத்துக்கு முன் இருளாயி, “யாருடி அது?” என்று கேட்டாள். கதையில் புது ஆள் வந்தால் அவள் கேட்கிற கேள்விதான். “அதத்தானே ஆத்மநாதன் கண்டுபுடிக்கப் போறாரு, பொறுங்க” என்று சிரித்தாள் இவள். ஆனால் அந்தப் பக்கத்தில் புது ஆள் யாரும் வரவில்லை. அதற்கப்புறம் களக் களக்கென்று ஒரு சத்தம். எச்சில் துப்புகிறாள் என்று நினைத்தாள். பிறகு தொம் தொம்மென்று குதிகால் தரையில் அடித்தது, வெகுநேரம். “என்னக்கா, கொசுவா?” என்று கேட்டாள். அடி நின்றது.

“உம்” என்று பதில் வந்தது. வாக்கியம் முடிவதற்கு முன்பே வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வெயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. சொர்ணவல்லி கழுத்தைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் ஓட்டினாள். வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு கை மல்லாந்து கிடந்தது. பச்சை குத்திய மணிக்கட்டு. இருளாயியின் கை. அதில் கயிறு இல்லை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

அவள் குரல் தானாக அறுந்தது. அந்தக் கணமே கிரீச் சத்தமும் நின்றது. தூளி பாதி ஆட்டத்தில் அப்படியே நிற்பது முதுகில் தெரிந்தது. ராசு சிணுங்கினான். அவள் அவசரமாக அடுத்த வரியைப் பிடித்தாள். கிரீச். கிரீச். சிணுங்கல் அடங்கியது.

“உம்.”

என் பிள்ளை. என் பிள்ளை. எட்டிப் பாய்ந்து பிள்ளையை வாரிக்கொண்டு ஓடலாம். எங்கே ஓடுவது? வாசல் கதவுக்குத் தாழ். கொல்லைக் கதவுக்குத் தாழ். போட்டவள் அவளேதான். கயிறும் கத்தியும் அதனிடம். அவளிடம் இருந்தது மிச்சமிருந்த சில பக்கங்கள்.

மெதுவாக வாசித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போல வாசித்தாள். உம் பொறுமையிழந்து முந்திக்கொண்டு வந்தது. கடைசி மடிப்பு. புத்தகத்தைப் பின்னால் நீட்டினாள். வாங்கிக்கொண்ட விரல்கள் அவள் விரலில் பட்டன. ஈரமாக, சில்லென்று, எண்ணிக்கையில் ஏதோ கூடுதலாக. சரக். புத்தகம் திரும்பி வந்தது.

ஆத்மநாதன் கொலைகாரனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஊர் நிம்மதியாகத் தூங்கியது. முற்றும்.

அந்தச் சொல்லை அவள் வாசிக்கவில்லை. “அப்ப பார்த்து...” என்றாள். “அப்ப பார்த்து, கடைக்கு இன்னொரு ஆளு வந்தாரு.”

“உம்.”

அச்சில் இல்லாத கதையைச் சொன்னாள். வந்தவர் குடை வைத்திருந்தார் என்றாள். குடைக்குள் ஒரு சாவி இருந்தது என்றாள். சாவிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஓர் அறை. கொலைகாரன் அகப்படவே கூடாது. பொழுது சாயும்வரை அகப்படக் கூடாது. வண்டி வந்துவிடும். கண்ணாடி ஓட்டு வெயில் மஞ்சளாகிக்கொண்டே போனது. அது போகப் போக இருளாயியின் தோள் தெரிந்தது. அப்புறம் கழுத்து. கழுத்து இருக்க வேண்டிய இடம் பிளந்து கிடந்தது, வெள்ளையாக எலும்பு தெரியும் அளவுக்கு. வாய் மூடியிருந்தது. கடைவாயில் வெற்றிலை இன்னும் அடக்கியபடியே இருந்தது. கண்கள் திறந்து, மேலே, தூளிக்கு நேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

தெருமுனையில் மாட்டுச் சலங்கை கேட்டது.

வந்துவிட்டார்கள். சொர்ணவல்லியின் கண்ணில் நீர் கொட்டியது. “அந்த அறைக்குள்ள...” என்றாள். “அந்த அறைக்குள்ள...”

அறைக்குள்ளே என்ன என்று தெரியவில்லை. ஒன்றுமே வரவில்லை.

தூளி நின்றது.

“போதும்டி” என்றது இருளாயியின் குரல்.

கீழே கிடந்தவளின் உதடு அசையவில்லை. குரல் மேலேயிருந்து வந்தது, தூளி தொங்கும் உத்தரத்திலிருந்து.

“நீ நல்லாத்தான் சொன்ன. இனி நான் சொல்றேன், நீ கேளு.”

வாசல் கதவு தட்டப்பட்டது. “சொர்ணம்! கதவத் தொற!” பழனிச்சாமியின் குரல்.

கயிறு மேலே இழுபட்டது. தூளி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு உயர்ந்தது. உயர்ந்து, அங்கேயே நின்றது. துணிக்கு வெளியே ராசுவின் சின்னக் கால் ஒன்று தொங்கியது.

“ஒரு ஊர்ல ரெண்டு ஓரகத்திங்க இருந்தாங்களாம்.”

குரல் நின்றது. காத்திருந்தது.

கதவு அதிர்ந்தது. “சொர்ணம்! அண்ணி! யாராச்சும் தொறங்க!”

சரக். கயிற்றில் ஒரு புரி அறுந்தது. தூளி ஒரு சாண் சரிந்தது.

மீனம்மாள் யாருக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தாள் என்று சொர்ணவல்லிக்கு இப்போது தெரிந்தது.

கண்ணாடி ஓட்டில் கடைசி வெயிலும் போயிற்று. இருட்டு. ரத்தத்தில் உட்கார்ந்தபடி, கையில் சிவந்த புத்தகத்தோடு, தலையை மேலே நிமிர்த்தி அவள் வாயைத் திறந்தாள்.

“உம்” என்றாள்.

கிரீச்.