மறைப்பட்டை

ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று மேசையிலிருந்து பத்தடி தள்ளி நின்று மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. திருமூர்த்தி மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபடி அதை வேடிக்கை பார்த்தான். பயமா? அதெல்லாம் அவனுடைய தாத்தா காலத்தோடு போயிற்று.

வேங்கைமலை மாநில வனப் பூங்காவின் வாசலில் நுழைவுச் சீட்டோடு ஆளுக்கொரு மறைப்பட்டை தருவார்கள். மணிக்கட்டில் மாட்டியதும் அது கண்ணுக்குத் தெரியாத நுண்பொடியை விடும். உடம்பிலிருந்து கிளம்புகிற வாடையை அந்தப் பொடி காற்றிலேயே விழுங்கிவிடும். காலடிச் சத்தமும் குரலும் ஆறேழு அடிக்கு அப்பால் போகாமல் பட்டை எதிரதிர்வு போட்டு அமுக்கிவிடும். தூரத்தில் இருப்பவரோடு பட்டைக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். யானைக்குக் கண் மட்டம். மூக்கும் காதும்தான் அதற்கு எல்லாம். அவை இரண்டுக்கும் எட்டாத மனிதன் யானையைப் பொறுத்தவரை இல்லாத மனிதன்தான்.

விதி ஒன்றே ஒன்று. யானை வந்தால் விலகவேண்டியது நீங்கள், அது விலகாது. இதென்ன பிரமாதம், இரண்டு கால் இருக்கிறது, நகர்ந்து நின்றால் போயிற்று. பட்டை வந்த இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சாவுகூட இல்லை. வாரக் கடைசியில் அங்கே ஒரு கூடாரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. திருப்பூரிலிருந்து திருமூர்த்தியும் அவன் மனைவி நித்திலாவும் வருவது இது ஏழாவது முறை.

மாலை நாலு மணி இருக்கும். பட்டைக்குள் நித்திலாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, செத்த இங்க வாங்களேன்."

காட்டு நெல்லி பறிக்கப் போனவள், மரத்தை உலுக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். "பஜ்ஜி ஆறிப்போயிரும் புள்ள. தின்னுட்டு வர்றேன்."

"பஜ்ஜி கெடக்குதுங்க. காலு மாட்டிக்கிச்சு."

முகாமின் வேட்டைத் தடுப்புக் காவலர் ரங்கியையும் கூட்டிக்கொண்டு ஓடினான். ரங்கி அந்த மலையிலேயே பிறந்தவள், நாற்பத்தைந்து வயது. சுவர்போல நின்ற இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடித் தடம் ஓடைக்கு இறங்கியது. அந்த இடுக்கின் தரையில் இருந்த வெடிப்புக்குள் நித்திலாவின் வலது கால் முழங்கால்வரை இறங்கியிருந்தது. இருவரும் அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவள் அலறிய அலறலில் இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். எலும்பு முறிந்திருக்க வேண்டும்.

ரங்கி மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டாள். பாறையை அறுக்கும் கருவியோடு வண்டி வர ஐம்பது நிமிஷம் ஆகுமாம். பிறகு தடத்தில் கிடந்த சாணத்தைப் பார்த்தாள்.

"சார், இது யானை எறங்குற தடமுங்க. இன்னும் அரை மணியில தண்ணிக்கு வந்துரும்."

"வந்தா வரட்டுமே ரங்கிக்கா. பட்டதான் கட்டியிருக்கறமே."

வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டான். அவன் மனைவியின் காலைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான், அப்புறம்தான் உறைத்தது. இவளால் விலக முடியாது. அது விலகாது.

"நெருப்பு போடலாமா?"

"தீப்பெட்டியெல்லாம் வாசல்லயே புடுங்கி வெச்சுக்கறாங்களே. பட்டையக் கழட்டுங்க சார், மூணு பேரும் கழட்டுவோம். மனுச வாடை அடிச்சா யானை கிட்ட வராது, சுத்திக்கிட்டுப் போயிரும். நான் சின்னப்புள்ளயில தெனமும் பார்த்திருக்கேன்."

மூன்று பட்டைகளையும் கழற்றி ஓடைப் பக்கம் எறிந்தார்கள். திருமூர்த்தி சட்டையை அவிழ்த்து, அக்குளில் அழுத்தித் துடைத்து, தடத்தின் மேல்முனையில் ஒரு புதரில் கட்டினான். நித்திலாவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"பத்தொம்பது வருசமா இந்த வேர்வச் சட்டைக்குத்தானுங்க சண்ட போட்டேன். இன்னைக்கு நல்லா நாறட்டும்."

"நாறும் புள்ள, நாறும்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யானைகள் வந்தன. ஒன்பது இருந்தன, இரண்டு குட்டிகளோடு. ரங்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமீ! நாங்க இருக்கறோம்! வழி மாறிப் போ சாமீ!" என்று கத்தினாள். பட்டை வருவதற்கு முன்பு அந்த மலைக்காரர்கள் காட்டுக்குள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இப்படித்தான் குரல் கொடுத்துக்கொண்டு நடப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கத்தாத தொண்டை, நடுவில் பிசிறியது.

முன்னால் வந்த பெண்யானை நின்றது. புதரில் கிடந்த சட்டையைத் துதிக்கையால் தடவி முகர்ந்தது. பின்னால் வந்தவையும் நின்றன.

"நின்னுருச்சு! ரங்கிக்கா, நின்னுருச்சு!"

அந்த நேரத்தில் திருமூர்த்தி கும்பிடாத தெய்வமில்லை. ரங்கியின் முகம் மட்டும் தெளியவில்லை. அவள் பெண்யானையின் நெற்றியையும் காது மடலையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கூட்டத்த நடத்துற கெழவி போன வருசம் செத்துப்போச்சு. இது அதோட மக. வயசு இருவதுகூட ஆவல."

"அதனால என்னக்கா?"

"பட்ட வந்தப்புறம் பொறந்ததுங்க எல்லாமே. இதுகளுக்கு நம்ம வாடை என்னன்னே தெரியாது சார்."

யானை சட்டையை உதறிப் போட்டது. புது வாடை, அவ்வளவுதான். ஏதோ பூ நாறுவதுபோல, சேறு நாறுவதுபோல இதுவும் ஒன்று. பயப்பட அதில் என்ன இருக்கிறது? அதற்குத் தாகம். தடத்தில் கால் வைத்தது.

திருமூர்த்தி குறுக்கே போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். கெஞ்சினான், கெட்ட வார்த்தையில் திட்டினான். யானை நிதானமாகத் துதிக்கையால் அவனைச் சுள்ளியை ஒதுக்குவதுபோல ஒதுக்கியது. பாறையில் மோதி விழுந்தவனுக்கு மூன்று விலா எலும்பு போனது. ரங்கி கல்லெடுத்து எறிந்தாள். அது என்னவென்றும் யானைக்கு விளங்கவில்லை.

"ஏனுங்க" என்றாள் நித்திலா. உதவிக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை அது. பக்கத்தில் இருக்கிறானா என்று கேட்கிற குரல். எழுந்திருக்க முடியாமல் கிடந்த திருமூர்த்தி, "இருக்கேன் புள்ள, இங்கதான் இருக்கேன்" என்றான்.

யானையிடம் கோபம் துளிகூட இல்லை. வழியில் விழுந்து கிடந்த மரத்தை மிதித்துப் போவதுபோலத்தான் போனது. குட்டிகள்கூட நின்று பார்க்கவில்லை. கீழே ஓடையில் அவை தண்ணீரை வாரி இறைத்துக்கொள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மீட்பு வண்டி சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்து நித்திலாவின் சாவைப் பற்றி விசாரணை. நெஞ்சில் கட்டோடு திருமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விசாரணை அதிகாரி நல்ல மனிதர். முதலில் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க சம்சாரம் பட்டையக் கழட்டியிருந்தாங்க. நீங்களும் கழட்டியிருந்தீங்க. ஏன் சார்?"

"நாங்க இருக்கறது அதுக்குத் தெரியட்டும்னு."

அதிகாரி 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டார். வருத்தத்தோடுதான் எழுதினார். இனிமேல் பட்டைகளை வாசலில் பூட்டித்தான் அனுப்புவார்கள், திரும்பி வந்த பிறகுதான் திறப்பார்கள் என்றார். இன்னொரு நல்ல சேதியும் சொன்னார். கொஞ்ச நாளாக யானைகள் ஆள் நடமாட்டத்தைச் சட்டை செய்யாமல் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வருகின்றன. போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குள்ளேயே வந்துவிட்டன. அதனால் அடிவாரத்தில் இருக்கும் நாற்பது ஊர் சனங்களுக்கும் அரசாங்கமே மறைப்பட்டை கொடுக்கப் போகிறது. பச்சைக் குழந்தை முதல் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வரை, ஒருவர் பாக்கியில்லாமல்.

திருமூர்த்தி தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப அந்த நாப்பது ஊர்லயும் மனுசங்களே இல்லைன்னுதானுங்களே அதுக நெனச்சுக்கும்?"

"ஆமா சார்" என்றார் அதிகாரி, ஒருவழியாக அவனுக்குப் புரிந்துவிட்டதே என்ற நிம்மதியோடு. "அதுக்குத்தானே கொடுக்கறோம்."