தூம்பு இல்லாத ஒரு முழம்

வேன் கோயில் வாசலில் நின்றபோது மழை இன்னும் தொடங்கவில்லை. வானம் மட்டும் சாம்பல் நிறத்தில் மணிக்கூண்டின் உச்சி வரை இறங்கியிருந்தது.

"மேடம் இறங்கலாம். ஏணிக்குப் பக்கத்துல உக்காந்து வந்ததால டிக்கெட் கிடையாது," என்றான் கணவன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. பல் பிடுங்கிய பிறகு தாடை மரத்துக் கிடக்குமே, அதுபோலச் சிரிப்பு வருகிற இடம் மரத்துப்போயிருந்தது.

கூரைத் தண்ணீரை விளிம்பிலேயே வாங்கி மூலைக்குக் கொண்டுபோகிற தகரத் தூம்புகளைச் செய்து பொருத்துவது அவன் தொழில். சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயரே தகரம்தான். இந்தப் பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் இன்று கடைசி நாள் வேலை. அவளைத் தனியாக விட மனமில்லாமல் கூட்டி வந்திருந்தான்.

அவர்கள் குழந்தை உயிரில்லாமல் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது தொட்டில் காலி. "நல்ல எடத்துல வெச்சிருக்கேன்," என்று மட்டும் சொன்னான் கணவன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அப்படி ஓர் இடம் உண்மையாகிவிடும்.

ஆனால் கேள்வி நாக்கின் அடியிலேயே கிடந்தது. எங்கே? அங்கே குளிருமா?

பங்குச் சாமியார் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். "வாம்மா, உள்ள சுத்திக் காட்டறேன். இங்க என்னைவிட வயசானது இந்தக் கல்லு மட்டும்தான்."

உள்ளே மெழுகு வாசமும் ஈரச் சுண்ணாம்பு வாசமும் கலந்திருந்தன. மணி எப்போதோ விரிசல் விட்டதாம். "அடிச்சா இருமற மாதிரி இருக்கும். யாரோ கிழவர் கூப்பிடறார்னு நெனச்சுத்தான் ஜனங்க பூசைக்கு வர்றாங்க," என்றார். ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிள்ளையை ஏந்திய தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகச் சாய்ந்து நின்ற பக்கம். அவள் அந்தத் தேய்வில் கை வைத்துப் பார்த்தாள். கல் கல்லாகத்தான் இருந்தது.

வெளியே வடக்குச் சுவரோரம் வந்ததும் சாமியார் மேலே கை காட்டினார். "கட்டினவங்க கூரையை வெளிய நீட்டி, தண்ணி நேரா சுவரடியில விழட்டும்னு விட்டாங்க. தூம்பே வெக்கல. ஏன்னு சொல்லு பாப்போம்?"

அவளுக்குத் தெரியவில்லை.

"ஞானஸ்நானம் வாங்கறதுக்குள்ள போயிடற பிள்ளைங்களை அந்தக் காலத்துல கல்லறைத் தோட்டத்துல சேக்க மாட்டாங்க. பெத்தவங்க மனசு கேக்குமா? ரகசியமா கொண்டுவந்து இந்தச் சுவரோரமா பொதைப்பாங்க. கோயில் கூரையைத் தொட்டு வர்ற தண்ணி ஆச்சே. ஒவ்வொரு மழையும் அதுங்களுக்கு ஞானஸ்நானம்."

"தூம்பு வெச்சுட்டா?"

சாமியார் ஏணிமேல் இருந்த அவள் கணவனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சுவர் ஊறி வயிறு தள்ளிடுச்சும்மா. கோயில் நிக்கணுமே." சாவிக்கொத்து ஓசையோடு வேகமாக உள்ளே போய்விட்டார்.

கடைசித் தூம்பை மாட்டி அவன் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கவாசலின் கூரைக்குக் கீழே இருவரும் ஒதுங்கினார்கள். தூம்புகள் நிரம்பி, தண்ணீர் முழுவதும் மூலைக்கு ஓடியது. சுவரடி மண் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை.

ஓர் இடம் தவிர. இரண்டு தூம்புகளுக்கு நடுவே ஒரு முழம் வெறுமையாக இருந்தது. அங்கே மட்டும் தண்ணீர் கயிறு போலக் கீழே விழுந்தது.

"அங்க விட்டுட்டீங்க."

"தகரம் பத்தல."

வேனில் மீதித் தகரம் கிடந்தது. அதன்மேல் கால் வைத்துத்தான் அவள் வந்திருந்தாள்.

தண்ணீர் விழுந்த இடத்தில் மண்ணின் நிறம் வேறாக இருந்தது. புதிதாகத் தோண்டி மூடிய மண். ஒரு சின்னத் தலையணை அளவு.

"ஏங்க."

"ம்."

"அங்க குளிருமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சாமியார் கால்ல விழுந்து கேட்டு வாங்கின எடம். அவர் வேலைன்னு கூப்பிட்டப்ப மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நம்ம புள்ளைக்காவது விழட்டும்னு..."

இப்போது அழுகை வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

சப்.

"எங்கயோ ஜாயிண்ட் ஒழுகுது," என்றான் அவன்.

சப். சப்.

சத்தம் மேலிருந்து வரவில்லை.

காய்ந்த மண்ணில், சுவரின் அந்தக் கோடியில், ஏதோ லேசாக மேடிட்டது. போர்வைக்கு அடியில் விரல் ஓடுவதுபோல அந்த மேடு நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் பல.

எல்லாம் அந்த ஒரு முழத்தை நோக்கி.

முதலில் வந்தது புது மண்ணை முட்டியது. தலையணை அளவு இடம் மெல்ல உள்ளே அமுங்கியது.

"கழட்டுங்க," என்றாள் அவள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"சாமியார் என்ன சொல்லுவாரோ..."

"எல்லாத்தையும் கழட்டுங்க. எல்லாமே புள்ளைங்க."

அவன் மழையிலேயே ஏறினான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தூம்பும் கழன்று விழ, அந்த இடத்தில் தண்ணீர் கொட்டியது. மேடுகள் நின்றன. பிறகு திரும்பின. பக்கவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாமியார் இறங்கி வந்து ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார்.

கடைசித் தூம்பு விழுந்தபோது தரை அமைதியாகிவிட்டது.

அவள் உடம்பு முழுக்க மழையின் குளிர். மார்பில் மட்டும் வெதுவெதுவென்ற ஈரம். மாத்திரை கொடுத்து வற்றவைத்த பால். பக்கத்து வீட்டில் குழாய் ஒழுகுவதைக் கவனிப்பதுபோல அதைக் கவனித்தாள்.

திரும்பும் வழியில் கழற்றிய தகரங்கள் வேனின் பின்னால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்தன. ஊர் எல்லை தாண்டியதும் அந்த உரசலுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது.

சப்.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். உடனே பார்வையைச் சாலைக்குத் திருப்பினான். வண்டியை நிறுத்தவில்லை.

அவள் ஜன்னலை இறக்கி உள்ளங்கையை மழைக்கு நீட்டினாள். குழிந்த கை நிரம்பியதும், திரும்பிப் பார்க்காமலே இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

சில்லென்று ஏதோ ஒன்று உள்ளங்கையைத் தொட்டது. மிகச் சின்னது.

கை காய்ந்து திரும்பி வந்தது.

மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். இந்த முறை, முதலில் தொட்டது விலகுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று தொட்டது.

"நம்மளோடதா?" என்று அவன் சாலையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தான்.

அவளுக்குத் தெரியவில்லை. கையை மறுபடி மழைக்கு நீட்டினாள்.