பொய்க்குக் கட்டிய வேப்பிலை

இடது காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், கம்பு மணி அளவில் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. தெய்வாத்தாள் அதை விரலால் அழுத்தினாள். அது விலகிப் போனது.

பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். மெட்ராஸ் டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "தோலுக்கு அடியில கட்டி கட்டியா, மேடு பள்ளமா இருக்கும் மேடம். கன்னம் மரத்துக் கிடக்கும். மூணு மாசத்துல எல்லாம் சரியாயிடும்." ஆகவே அவளுக்கு வந்தது பயமல்ல, அருவருப்பு. விரலுக்குக் கன்னம் தெரிந்தது, கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. வேறு யாருடைய முகத்தையோ, அதுவும் செத்துப்போன ஒருத்தியின் முகத்தைத் தடவுவது போலிருந்தது.

ஆறு நாளுக்கு முன்னால்தான் முகத்துத் தோலை இரண்டு பக்கமும் பிரித்து, மேலே இழுத்து, தொங்கியதை வெட்டி எறிந்துவிட்டு, காதைச் சுற்றித் தைத்திருந்தார்கள். ஐம்பத்தொரு வயதில் இது தேவையா என்று கேட்பவர்கள் மகனின் நிச்சயதார்த்த வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும். பெண் வீட்டுக்கார அம்மாள் ஒருத்தி சந்தனத்தை நீட்டிக்கொண்டே, "மாப்பிள்ளையோட அப்பத்தாவுங்களா?" என்று கேட்கிறாள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் கேசட்டைத் தெய்வாத்தாள் பதினோரு தடவை போட்டுப் பார்த்தாள். வைகாசி ஒன்பதாம் தேதி கல்யாணம். அன்று மணவறையில் மாப்பிள்ளையின் அம்மாவாக நிற்க வேண்டும், ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் கல்யாணத்தை வைத்துக்கொண்டு சூலூரில் முகத்தை எப்படி மறைப்பது? தினம் பத்துப் பேர் வந்து போகும் வீடு. வழியைக் கண்டுபிடித்தவளும் அவளேதான்.

"அம்மை போட்டிருக்குன்னு சொல்லிப்போடுங்க. வாசல்ல வேப்பிலையக் கட்டிட்டா ஒருத்தரும் உள்ள கால் வெக்க மாட்டாங்க."

புருஷன் காளிச்சாமி பம்பு கம்பெனியில் நானூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். அவரே தயங்கினார். "ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லறதா, தெய்வா?"

"ஆத்தா என்ன, நம்ம மேல கேசா போடப் போறா?"

அவர் போய் வேப்பங்கொத்து ஒடித்துவந்து கேட்டில் கட்டினார்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே ஊற்றிவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் போனில் கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றது. சமையல்காரி பழனியாத்தாளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. இருபது வருஷமாக அம்மணி அம்மணி என்று கூப்பிட்டவள், வேப்பிலை ஏறிய நாளிலிருந்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"ஆத்தா, ராயிக் கூழு வெச்சிருக்கறனுங்க. மனசு குளுந்து எறங்கிப் போயிருங்க, ஆயிரங்கண்ணுடையாளே."

உள்ளே தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்ட அந்த அறையில் பகலெல்லாம் ஒரே மங்கல் வெளிச்சம். அடுத்த வீதித் தறிகளின் சடக் சடக் சத்தம் சுவர் வழியாக வந்து கட்டிலைத் தொட்டுக்கொண்டிருக்க, வாடிய வேப்பிலையின் கசப்பும், புளித்த கூழும், காது மடிப்பில் பூசிய களிம்பும், முடிக்கற்றைக்குள் காய்ந்து ஒட்டிப்போன ரத்தமும் ஒன்றாகக் கலந்து, விசிறி சுற்றும்போதெல்லாம் ஒரு வாடையாக எழும்பி மூக்கில் ஏறியது. அது அவள் உடம்பின் வாடைதான்.

எட்டாம் நாள் அதேபோல ஏழு மணிகள் தட்டுப்பட்டன. பத்தாம் நாள் இரண்டு தாடையிலும் வரிசையாக. தோல் பளபளவென்று இழுத்துக்கட்டி நிற்க, அதன் அடியில் அவை வெளுத்துத் தெரிந்தன. டாக்டருக்குப் போன் போட்டாள். லேசாகத் தேய்த்துவிடுங்கள், கரைந்துவிடும் என்றார். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். கரையவில்லை. விரலுக்கு வழிவிட்டு நகர்ந்து, விரல் போனதும் திரும்ப வந்து கூடின.

புருவம் தீட்டும் பென்சிலை எடுத்து ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தபோது வட்டம் காலியாக இருந்தது. மணி கன்னத்துக்கு ஏறியிருந்தது.

காளிச்சாமி பார்த்துவிட்டு, "வீக்கந்தான், வேறென்ன" என்றார். அதன் பிறகு அவர் ஹாலில் படுத்துக்கொண்டார். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் தலையணை உறை காதோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது கஞ்சித் தண்ணீர் மாதிரி ஏதோ கொழகொழவென்று நூலாக நீண்டது. காதுக்குப் பின்னால், தையல் இரண்டின் நடுவே, வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, முள் எடுக்கும் இடுக்கியால் அதைப் பற்றினாள். வழுக்கியது. மறுபடி பற்றினாள். வெதுவெதுப்பாக இருந்தது, உருண்டையாக இருந்தது.

இழுத்தாள்.

உள்ளிருந்து அது தன்னை இழுத்துக்கொண்டது.

வாஷ்பேசினில் குடலே வருவதுபோல வாந்தி எடுத்தாள். பிறகுதான் பயம் வந்தது. கதவைத் திறந்து ஹாலைப் பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க, அந்த வேப்பிலைய அவுத்து வீசுங்க. இப்பவே அவுத்துப்போடுங்க!"

காளிச்சாமி கேட்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "தலைக்குத் தண்ணி ஊத்தாம அவுக்கக் கூடாதாம். பழனியாத்தா குறுக்க நின்னுட்டு உடமாட்டேங்கறா. நாளைக்கு வெள்ளிக்கிழமைதான? ஊத்திப்போட்டு அவுத்தறலாம்."

தெய்வாத்தாள் சரி என்றாள். முதல்முறையாக, பொய்யென்று நினைக்காமல் சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலில் பித்தளை அண்டா நிறைய மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் காய்ந்தது. தெய்வாத்தாள் குளியலறை முக்காலியில் முகத்தை ஈரத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது கரண்ட் போனது. அடுத்த வீதித் தறிகள் ஒரேயடியாக அடங்கின. அந்த அமைதியில், மிக அருகில், ஏதோ நுணுக்கமாகச் சத்தம் கேட்டது. ஈர உதடுகள் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். அவள் உதடுகள் மூடியிருந்தன.

துண்டுக்குள்ளிருந்து வந்தது.

பழனியாத்தாள் பித்தளைச் சொம்போடு உள்ளே வந்தாள். "ஊத்தறனுங்க ஆத்தா."

முதல் சொம்பு தலையில். வெதுவெதுப்பு. கழுத்தில் இறங்கும் வேப்பிலைகள்.

இரண்டாம் சொம்பு. துண்டு கனத்துச் சரிந்து மடியில் விழுந்தது.

மூன்றாம் சொம்பு முகத்தில்.

எரிந்தது. கண்ணுக்குள் மஞ்சள் தண்ணீர் போனால் எரியுமே, அதே எரிச்சல். ஆனால் கண்கள் இரண்டையும் அவள் இறுக மூடியிருந்தாள். எரிந்தது கன்னம். தாடை. காதுக்குப் பின்புறம். மரத்துக் கிடந்த இடமெல்லாம்.

சொம்பு தரையில் விழுந்து உருண்டது.

பழனியாத்தாள் அலறவில்லை. அழுதாள். அழுதுகொண்டே ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"வந்துட்டயா ஆத்தா... ஆயிரங்கண்ணுடையாளே... தம்பி கண்ணாலத்துல மணவறைல வந்து நில்லாத்தா... ஊரே பாக்கோணும்..."

தெய்வாத்தாள் கண்களை இன்னும் இறுக மூடினாள்.

இருட்டவில்லை.

காலடியில் பழனியாத்தாளின் நரைத்த வகிடு தெரிந்தது. ஓடுகளில் ஒட்டிய வேப்பிலைகள் தெரிந்தன. இரண்டு பக்கச் சுவர்களும் ஒரே நேரத்தில் தெரிந்தன. தலையைத் திருப்பவே இல்லை. ஆனாலும் முதுகுக்குப் பின்னால், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தி நிற்கும் காளிச்சாமி தெரிந்தார்.

அவர் ஓர் அடி பின்வாங்கினார். அவள் காதுக்குப் பின்னால் ஒன்று மெல்ல இமைத்தது.